மேல் தட்டில் மரக்கறி

றெஜினா பத்தொன்பது வருடம் விமானச் சாப்பாடு கட்டியவள். ரெக்ஸ்டேலைத் தாண்டி, விமான நிலையத்தை ஒட்டியிருந்த பெரிய குசினியில் அவளுக்கு வேலை. முதல் நான்கு வருடம் தட்டுக்குச் சோறு போட்டாள். பிறகு விசேஷச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினார்கள். சைவக்காரர், முஸ்லிம்கள், யூதர்கள், உப்புக் கூடாதவர், கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் துண்டு ஒட்டி, ஆசன இலக்கத்தோடு சரிபார்த்து வண்டியில் ஏற்றவேண்டும். அந்த மேசையில் அவள் நின்ற பதினைந்து வருடத்தில் ஒரு தட்டுக்கூட மாறிப் போனதில்லை. இதை அவள் தன் வாயால் சொல்லித் திரிவதில்லை. அவளுடைய கணவன் சீமோன்தான் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறுமுன் சொல்லிவிடுவான்.

கொரோனாவோடு விமானங்கள் நின்றன. குசினியையும் மூடிவிட்டார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கென்று கல்கரிக்குப் போயிருந்தார்கள். சீமோன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான், அதுவும் அப்போது ஓடவில்லை. சும்மா இருந்து பழக்கமில்லாத றெஜினா, கறியை உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற றோல்ஸ் செய்யத் தொடங்கினாள். ஊரில், மன்னார்ப் பேசாலையில், அவளுடைய வீட்டில் யாரும் றோல்ஸ் சுட்டதில்லை. இங்கே வந்து, இங்கேதான் கற்றுக்கொண்டாள். ஞானஸ்நானம், முதல்நன்மை, பிறந்தநாள் என்று ஓடர் வந்தது. பங்குக் கோயில் மண்டபத்துக் குசினியை வாடகைக்கு எடுத்து, சுகாதாரப் பரிசோதகரிடம் அனுமதியும் எடுத்து முறையாகச் செய்தாள்.

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் ஹார்ட்வெல் வில்லேஜ் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரில்தான் கிராமம். ஒரு கிறிஸ்தவ மரக்கோயில், ஒரு தபால் கந்தோர், கோப்பிக் கடையாக மாறிவிட்ட ஒரு கொல்லன் பட்டறை. அவற்றைச் சுற்றி நாலு பக்கமும் நகரம் வளர்ந்துவிட்டது. ஆனால் அங்கேயுள்ள கடைக்காரர்கள் இன்னும் கிராமம் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். மார்கழியில் மூன்று வார இறுதிகளுக்குத் தெருவை அடைத்து, இருபத்துநான்கு மரக் கொட்டில்கள் வைத்து, கிறிஸ்மஸ் மார்க்கெற் நடத்துவார்கள். அதற்கு விண்ணப்பம் போடச் சொல்லி றெஜினாவைத் தூண்டியவன் மாக்கஸ். அவளுடைய பங்கைச் சேர்ந்தவன், அந்த மார்க்கெற்றின் மின்சார வேலையையும் ஒலிபெருக்கியையும் பார்ப்பவன்.

“அன்ரி, அங்க சொசேஜ் இருக்கு, வாஃபிள் இருக்கு. உறைப்பா ஒண்டும் இல்லை. நீங்கள் வந்தால் நான்தான் முதல் கஸ்டமர்” என்றான்.

பதினேழாம் இலக்கக் கொட்டில் கிடைத்தது.

முதல் வார இறுதி நல்லபடியாகப் போனது. “ஸ்பிரிங் றோலோ?” என்று கேட்ட வெள்ளைக்காரர்களுக்கு சீமோன், “கஸின், கஸின்” என்று உறவுமுறை சொல்லி விற்றான். மண்டபத்தில் பொரித்துக்கொண்டு வந்ததை இங்கே கண்ணாடிச் சூட்டுப் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். மட்டன் எல்லாம் நீட்டு றோல்ஸ். மரக்கறி எல்லாம் பிறைவடிவப் பற்றீஸ். பார்த்த உடனே எது எதென்று தெரியும். ஆனால் பற்றீஸின் ஓரத்தை ஒவ்வொன்றாக முள்ளுக்கரண்டியால் அழுத்தி முடிக்கப் பொழுது போய்விடும். சனிக்கிழமை இரண்டு மணிக்கே மரக்கறி முடிந்து, கேட்டவர்களைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது.

ஆகவே இரண்டாம் வாரம் றெஜினா இரண்டையும் றோல்ஸாகவே சுருட்டினாள். எண்ணெய்ச் சட்டி வேறு, கரண்டி வேறு, பெட்டி வேறு. மரக்கறிப் பெட்டியின் மூடியில் பச்சை நாடா ஒட்டினாள். உருவம் மட்டும் ஒன்று. விமானக் குசினியில் வேறு யாராவது இப்படி ஒரு யோசனை சொல்லியிருந்தால் அவளே அதற்கு இடம் விட்டிருக்கமாட்டாள். தன் கையால், தன் கடைக்கு என்று வந்தபோது, பச்சை நாடா போதும் என்று பட்டது.

அந்தச் சனிக்கிழமை குளிர் மைனஸ் பதினாலு பாகை. கை கழுவ வைத்திருந்த தண்ணீர்த் தாங்கியின் குழாய் பத்து மணிக்கே உறைந்து இறுகிவிட்டது. றெஜினா சுடுதண்ணீர் எடுக்க மரக்கோயிலுக்குள் போனாள். அந்த நேரத்தில் சீமோன் பக்கத்தில் நிறுத்தியிருந்த வானிலிருந்து பெட்டிகளை இறக்கினான். தடித்த கையுறை. இரண்டு மூடிகள் வழுக்கிப் பனியில் விழுந்தன. அவன் அவற்றைத் தட்டித் துடைத்துத் திரும்ப மூடினான். பச்சை மூடியை எந்தப் பெட்டிக்கு மூடினான் என்று அவன் யோசிக்கவில்லை. றெஜினா வந்து, பச்சை மூடிப் பெட்டியில் இருந்ததை மேல் தட்டிலும் மற்றதைக் கீழ்த் தட்டிலும் அடுக்கினாள்.

பன்னிரண்டரை மணிபோல ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு எழுபது வயதிருக்கும். பெரிய கறுப்புக் கோட்டும், அதற்கு மேலே நெற்றியில் திருநீறும். இந்தச் சந்தையில் தமிழ்ச் சாப்பாடா என்று அவருக்கு ஆச்சரியம்.

“எந்த இடம் பிள்ளை?”

“மன்னார், பேசாலை. நீங்கள் அன்ரி?”

“நான் வேலணை. பாலேஸ்வரி. இவள் என்ர மகள் சிவானி, பிக்கரிங்கில பாமசியில நிக்கிறாள். இண்டைக்கு என்னை வெளியில இழுத்துக்கொண்டு வந்திட்டாள்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “மரக்கறி இருக்கோ? நான் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. இவளுக்குப் பதினைஞ்சு வயசில சிறுநீரகம் பழுதாப்போய்ப் படுத்த படுக்கை. அப்ப கடவுளுக்கு வைச்ச நேர்த்தி. பதினாலு வருசமாச்சு.”

“மேல் தட்டு முழுக்க மரக்கறிதான் அன்ரி. சட்டியும் வேற. நம்பிச் சாப்பிடுங்கோ.”

மூன்று வாங்கினார்கள். சிவானி ஒன்றை அங்கேயே நின்று சாப்பிட்டாள். தாய் கையுறையைக் கழற்ற மாட்டேன் என்றார். “வீட்டை போய் ரீயோட சாப்பிடுறன்” என்று மற்ற இரண்டையும் கடதாசிப் பையோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஒன்றேகால் மணிக்கு மாக்கஸ் கடித்த றோலோடு வந்து நின்றான்.

“என்ன அன்ரி, மட்டன் எண்டு தந்தீங்கள். உள்ளுக்க கிழங்கும் லீக்ஸும் கிடக்கு!”

றெஜினாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேறொன்று எடுக்கக் கீழ்த் தட்டுக்குக் கை கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். கீழே இருப்பது மரக்கறி என்றால் மேலே இருப்பது என்ன? மேல் தட்டில் ஒன்றை எடுத்துப் பிய்த்தாள். ஆட்டிறைச்சி.

பிய்த்ததை ஒரு பக்கம் வைத்தாள். பிறகு சூட்டுப் பெட்டியை நிறுத்தினாள். மேல் தட்டிலிருந்து போனது எட்டு. அதை எண்ண அவளுக்குக் கஷ்டமில்லை. எண்ணிப் பழகிய மூளை. தாய்க்கும் மகளுக்கும் மூன்று. கைகோத்துக்கொண்டு வந்த மாணவச் சோடிக்கு இரண்டு. குழந்தை வண்டிலோடு வந்த பெண்ணுக்கு இரண்டு. நாயோடு வந்த வயதான வெள்ளைக்காரருக்கு ஒன்று. எல்லாரும் இறைச்சி இல்லாதது என்று கேட்டு வாங்கியவர்கள்.

“நான்தான் மூடியை மாத்திப் போட்டன் போல” என்றான் சீமோன். அவனுடைய முகம் செத்துப்போயிருந்தது.

“மூடியில என்ன இருக்கு? ஒரே மாதிரிச் சுருட்டினது நான்.”

“சரி, நடந்தது நடந்திட்டுது. விடு றெஜினா. தெரியாமல் சாப்பிட்டால் ஒரு தோசமும் இல்லை. நீ போய்ச் சொன்னால்தான் அதுகளுக்கு நோகும்.”

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இரண்டு றோல்ஸ் கைப்பைக்குள் கிடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

“அந்த அன்ரி இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டா” என்றாள். “மாக்கஸ், உன்ர மைக்கைத் தா.”

மேடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரோல் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் மாக்கஸ் மைக்கை வாங்கி ஆங்கிலத்தில் அறிவித்தான்: பதினேழாம் கொட்டிலில் மரக்கறி என்று தந்தது இறைச்சி, வாங்கியவர்கள் தயவுசெய்து வரவும். பிறகு அதை றெஜினாவின் கையில் கொடுத்தான். ஆயிரம் பேர் நின்றிருப்பார்கள். விமானக் குசினியில் அவள் நாலு பேர் முன்னால்கூட எழும்பிப் பேசியதில்லை.

“வணக்கம். வேலணை பாலேஸ்வரி அன்ரி, நீங்கள் இஞ்ச நிண்டால், அந்த றோல்ஸைச் சாப்பிட வேண்டாம். அது மரக்கறி இல்லை. நான்தான் மாத்தித் தந்திட்டன். அன்ரியைத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் நிண்டால் தயவுசெய்து என்னட்டை வாங்கோ.”

கூட்டத்தில் இருந்த தமிழர் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவன் சிரித்தான். ஒரு தகப்பன் மகளின் கையிலிருந்த வாஃபிளை வாங்கி மணந்து பார்த்தான். அது வேறு கடையில் வாங்கியது.

மாணவச் சோடி முதலில் வந்தது. பெண் அழுதுவிட்டாள், பையன் அவளை அணைத்துக்கொண்டு, சொன்னதற்கு நன்றி என்று மட்டும் சொன்னான். குழந்தை வண்டில்காரி, மதக் காரணம் எதுவும் இல்லை, கொழுப்பைக் குறைக்கத்தான் மரக்கறி கேட்டேன், பரவாயில்லை என்றாள். நாய்க்காரர் வரவில்லை. கடைசியாகக் கையில் சொக்கலேற் கோப்பையோடு ஒரு இளம்பெண் வந்தாள். பெயர் அட்சயா.

“அன்ரி, பாலேஸ்வரி அன்ரின்ர மகள் சிவானி என்னோட கம்பஸில படிச்சவ. I have her number. எடுக்கட்டோ?”

அட்சயா போன் போட்டாள், சிவானி உடனே எடுத்தாள். றெஜினா சுருக்கமாகச் சொன்னாள். 

“என்ரது மட்டன் எண்டு எனக்குத் தெரியும்” என்றாள் சிவானி. “முதல் கடியிலயே தெரிஞ்சுது. எனக்கு மட்டும் மாறி வந்திட்டுது எண்டு நினைச்சன். எனக்குப் பிரச்சினை இல்லைத்தானே, அதான் பேசாமல் சாப்பிட்டன். Oh my God. அம்மான்ர பையில இருக்கிறதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.”

தாயை அரை மணித்தியாலம் முன்தான் இறக்கிவிட்டாளாம். தாய் தனியாக மோர்னிங்சைட் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். சிவானி தாய்க்குப் போன் எடுத்துப் பார்த்தாள், பதில் இல்லை. வீட்டுக்குள் போனால் போனைக் கைப்பைக்குள்ளேயே விட்டுவிடும் பழக்கம். சிவானி இப்போது பிக்கரிங்கை நெருங்கிவிட்டாள். திரும்பி வர அரை மணித்தியாலம். மார்க்கெற்றிலிருந்து என்றால் பத்து நிமிடம்தான்.

“நாங்கள் போறம். வீட்டு நம்பரைச் சொல்லும்” என்றாள் றெஜினா.

அவள் திரும்பிப் பார்த்தபோது சீமோன் கொட்டிலின் பலகைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு முன் கடை பூட்டக்கூடாது என்பது மார்க்கெற் சட்டம். அவன் வான் திறப்பைச் சாவி வளையத்தோடு கையில் வைத்திருந்தான்.

அடுக்குமாடியின் கீழ்க் கதவை, வெளியே வந்த ஒருவர் அவர்களுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டார். பதினோராம் மாடி. பாலேஸ்வரி வீட்டு உடுப்போடு கதவைத் திறந்தார். அவர்களைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு.

“அட, இதென்ன, றோல்ஸ்காரப் பிள்ளையே! ஏன் இவ்வளவு தூரம்? மகள் காசு குடுக்காமல் வந்திட்டாளோ? உள்ளுக்க வாங்கோ.”

குசினி மேசையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. பக்கத்தில் பீங்கான் தட்டு. பீங்கானில் ஒரு றோல் முழுதாக இருந்தது. ஒன்றுதான் இருந்தது.

“நல்லா இருந்தது பிள்ளை. சோயாமீற் போட்டிருக்கிறீர் என்ன? அப்பிடியே இறைச்சி மாதிரி. நானும் இவ்வளவு காலம் சோயா வாங்கிச் சமைக்கிறன், எனக்கு இந்தப் பதம் வாறேல்லை.”

சீமோன் முன்னால் வந்தான். “அது அம்மா… எண்ணெய் கொஞ்சம் பழுது. அதான் மிச்சத்தை வாங்கிக்கொண்டு போக…”

றெஜினா அவனுடைய கையைப் பிடித்தாள். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவளுக்கு விளங்கியது. வாசலில் நிற்கும்போது அவளுக்கும் அதுதான் வாய் நுனியில் நின்றது. மிச்ச ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டால் இந்த மனுசி இன்று இரவு நிம்மதியாகத் தூங்கும். ஆனால் மகளுக்குத் தெரியும். அவள் இப்போது வந்துகொண்டிருக்கிறாள். அதைவிட, “நம்பிச் சாப்பிடுங்கோ” என்று சொன்னது தான்தான்.

“அன்ரி, அது சோயா இல்லை. ஆட்டிறைச்சி. பெட்டி மாறிப்போச்சு. பிழை என்ர.”

பாலேஸ்வரி அவளைப் பார்த்தார். பிறகு பீங்கானைப் பார்த்தார். எழும்பிக் குளியலறைக்குள் போனார். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. இருவரும் குசினியில் நின்றார்கள். உட்காரத் தோன்றவில்லை. குளியலறைக்குள் ஓங்காளிக்கும் சத்தம் ஒருமுறை கேட்டது, பிறகு தண்ணீர் மட்டும்.

சிவானி வந்தாள். சப்பாத்தோடு உள்ளே ஓடிவந்து, பீங்கானைப் பார்த்து, றெஜினாவைப் பார்த்து, சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

பாலேஸ்வரி தலை முழுகி ஈரத்தோடு வெளியே வந்தார். முதலில் சாமித் தட்டுக்குப் போய் விபூதி எடுத்து மகளின் நெற்றியில் பூசினார். 

“உனக்கு ஒண்டும் செய்யேல்லையே? வயித்துக்குள்ள நோகுதோ?”

“அம்மா, I’m fine. எனக்கு ஒண்டுமில்லை. பதினாலு வருசமா ஒண்டுமில்லை.”

“அது நான் இருந்த இருப்பால.”

சிவானி ஒரு துவாயை எடுத்துக்கொண்டு வந்தாள். தாயின் தலையைத் துடைக்கத் தொடங்கினாள். பாலேஸ்வரி துவாய்க்குள்ளிருந்தபடியே றெஜினாவிடம் பேசினார்.

“பிள்ளை, நீர் வேணுமெண்டு செய்யேல்லை. வந்து சொன்னதும் நல்லது. ஆனா இப்ப எனக்கு உம்மைப் பாக்கேலாமல் கிடக்கு. போயிட்டு வாரும்.”

றெஜினா மிச்ச றோலைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பீங்கானைக் கழுவட்டுமா என்று கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டாள். வானுக்குள் ஏறியதும்தான் அழுதாள். சீமோன் வானை எடுக்காமல், அழுது முடியும்வரை ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் கடை திறந்தாள். முதல்நாள் கதை அதற்குள் வட்ஸ்அப்பில் பரவியிருந்தது. சிலர் விலகிப் போனார்கள். ஒருவர் வந்து, “இண்டைக்கு ஆடு எந்தத் தட்டில மேயுது?” என்று கேட்டார். றெஜினா அவருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். மார்க்கெற் நிர்வாகம் நேரத்தோடு பூட்டியதற்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. மூன்றாம் வார இறுதிக்கு அவள் மட்டனைக் கொண்டுவரவே இல்லை. திரும்பவும் பற்றீஸ், முள்ளுக்கரண்டி, ஓரம் ஓரமாக அழுத்தல். மரக்கறி மட்டும். உறைப்பு இறைச்சிக்கென்று வந்த தமிழர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொசேஜ் கடைக்குப் போனார்கள். வியாபாரம் முதல் வாரத்தைவிடக் குறைவுதான்.

நாயோடு வரும் வெள்ளைக்காரரை அவள் மூன்று நாளும் தேடினாள். நாய்கள் நிறைய வந்தன. அவர் வரவில்லை.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் பாலேஸ்வரி போன் எடுத்தார். சிவானியிடம் நம்பர் வாங்கினாராம். கோயிலில் ஐயரிடம் கேட்டதையும், பிராயச்சித்தம் செய்ததையும், ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு இருந்ததையும் ஒரு செய்திபோலச் சொன்னார். நேர்த்தியை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாராம். “எழுபது வயசில புதுசாத் தொடங்கிறன், பாரும்” என்றார். பிறகு கேட்டார்.

“அண்டைக்கு வேற ஆரும் சாப்பிட்டவையோ? எல்லாரையும் கண்டு சொன்னனீரோ?”

“ஒராளைத் தவிர எல்லாரையும் கண்டன் அன்ரி. ஒரு வயசான வெள்ளைக்காரர். அவரைக் காணேல்லை.”

“ம்” என்றார். “சரி பிள்ளை. மனசுக்க வைச்சுக் குமையாதையும். பொங்கல் வேலை கிடக்கு, வைக்கிறன்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. றெஜினாவும் எடுக்கவில்லை. சிவானி மட்டும் ஒருமுறை அலுவலக விருந்துக்கு ஓடர் தந்தாள்.

இந்த வருடமும் றெஜினா விண்ணப்பம் போட்டாள். எச்சரிக்கைக் கடிதம் இருந்ததால் கிடைக்காது என்று நினைத்தாள், கிடைத்தது. இறைச்சி றோல்ஸ் நன்றாக விற்றதே, ஏன் இல்லை என்று நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். ஓடருக்கு வீட்டுக்குச் செய்து கொடுக்கிறேன், கொட்டிலில் மாட்டேன் என்றாள் றெஜினா.

மரக்கறி மட்டும் என்றால் மரக்கறி மட்டும்தான். சீமோனுக்குச் சோறு இறங்க ஒரு துண்டு மீனாவது வேண்டும். ஆகவே மத்தியானத்தில் அவன் தன் ரூனா மீன் சான்ட்விச்சோடு வானுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறான். வந்து கை கழுவினால்தான் கொட்டிலுக்குள் விடுவாள். குழாய் இறுகிக் கிடந்தால் மரக்கோயிலுக்குப் போய்க் கழுவிக்கொண்டு வரவேண்டும்.